கழுவெளி செய்த வேலை

'புறம்போக்கு' என்ற சொல்லை நான் வசையாகத்தான் முதலில் அறிந்தேன். தெருச்சண்டையில் வாய்க்கு வரும் சொல் அது. ஒன்றுக்கும் உதவாதவன், யாருக்கும் பொறுப்பில்லாமல் திரிகிறவன் என்று பொருள். முனைவர் பட்ட ஆய்வின்போது கல்வெட்டுச் சொற்களோடு நிலவரி ஆவணச் சொற்களையும் சேர்த்துப் படிக்க நேர்ந்தது. அப்போதுதான் அந்தச் சொல்லின் நேர்ப்பொருள் புரிந்தது. வரி விதிப்புக்குப் புறத்தே போன நிலம் புறம்போக்கு. ஏரி, குளம், கால்வாய், மேய்ச்சல்வெளி, களத்துமேடு, சுடுகாடு எல்லாம் அதில் அடங்கும். ஊர் முழுவதும் பயன்படுத்துவதால் ஒருவர் பெயரில் எழுத முடியாத நிலம். அரசுக்கு அதிலிருந்து வரி வராது. வரி வராத நிலம் மெல்ல மெல்லப் பயனற்ற நிலம் என்றாகி, பயனற்ற மனிதரைத் திட்டும் சொல்லாகவும் ஆகிவிட்டது.

வருவாய்த்துறைப் பதிவேடுகளில் இன்னொரு வகைப்பாடும் உண்டு: 'தீர்வை ஏற்பட்ட தரிசு', 'தீர்வை ஏற்படாத தரிசு'. விளைச்சல் இல்லையென்றால் தரிசு. தண்ணீர் தேங்கி, கோரை வளர்ந்து, பறவை இறங்கி, மீன் பிடிபட்டாலும் அது தரிசுதான். நெல்லும் வரியும் தராத நிலம் வேலை செய்யாத நிலம் என்பது இந்தக் கணக்கின் அடிப்படை.

இந்தக் கணக்குமுறை நமக்குப் பழக்கமானதுதான். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டுவேலை மட்டும் செய்யும் பெண் இன்றும் 'வேலை செய்யாதவர்' பட்டியலில்தான் இருக்கிறாள். விடியலில் எழுந்து இரவு பாத்திரம் கவிழ்க்கும்வரை அவள் செய்வது எதுவும் அங்கே வேலை ஆகாது. நிலத்தைத் தாய் என்றும் பெண்ணைப் பூமி என்றும் சொல்லும் பழக்கத்தின் மீது எனக்கு மரியாதை இல்லை. பொறுமையைக் கற்பிக்கத்தான் அது பயன்பட்டிருக்கிறது. நான் சொல்ல வருவது கணக்கைப் பற்றி. சதுப்புநிலமும் ஆற்றங்கரை வெளியும் வெள்ளத்தைத் தாங்கும் வேலையைக் கூலியில்லாமல் செய்துகொண்டிருந்தன. அதை வேலையென்று எழுதாததால் அவற்றை அழிப்பது எளிதாக இருந்தது. அழித்த பிறகு அந்த வேலை மறைந்துவிடவில்லை. வேறு சிலரின் தலையில், பெரும்பாலும் பெண்களின் தலையில், ஏறி உட்கார்ந்துகொண்டது. சென்னையின் கதையை இந்தக் கோணத்திலிருந்து திரும்பச் சொல்லிப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது.

*

தென்சென்னையில் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை அங்கிருந்த மக்கள் 'கழுவெளி' என்றார்கள். மரக்காணத்துக்கு அருகிலும் இதே பெயரில் பெரிய நீர்ப்பரப்பு ஒன்று இருக்கிறது. மழைநீர் வந்து பரவி, நின்று, வடிகிற தாழ்வெளிக்குப் பொதுப்பெயர் அது. சுமார் 250 சதுர கிலோமீட்டர் பரப்பில் பெய்யும் மழை, தாம்பரம், மடிப்பாக்கம், வேளச்சேரி என ஏரி ஏரியாக நிரம்பி, கலங்கல் வழியே வழிந்து, கடைசியில் பள்ளிக்கரணைக்கு வரும். அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்ஹாம் கால்வாய்க்குப் போய், கோவளம் முகத்துவாரத்தில் கடலைச் சேரும்.

அந்த வெளி செய்த வேலை என்ன? மழைக்காலத்தில் ஓரிரு நாளில் வந்து சேரும் நீரை வாங்கி அகலமாகப் பரப்பியது. ஓர் ஆள் உயரத்துக்கு எழக்கூடிய வெள்ளம், பரந்த வெளியில் முழங்கால் அளவுக்குத் தாழும். கோரையும் நாணலும் அதன் வேகத்தைக் குறைத்தன. நீரில் ஒரு பகுதி நிலத்துக்குள் இறங்கியது. மிச்சம் நாள்கணக்கில், வாரக்கணக்கில் மெல்லக் கடலுக்குப் போனது. மாரி முடிந்தும் ஈரம் இருந்ததால் சுற்றியிருந்த கிணறுகளில் கோடையிலும் நீர் ஊறியது. வெள்ளத்தில் உயிரை எடுப்பது மொத்த நீரின் அளவு மட்டுமல்ல, அத்தனை நீரும் ஒரே நேரத்தில் வந்து சேர்வதுதான். அந்த நேரத்தை நீட்டித்துத் தருவதே கழுவெளியின் வேலை.

ஒரு எளிய கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பள்ளிக்கரணை ஒரு காலத்தில் ஏறத்தாழ 5,000 ஹெக்டேர் பரப்பு இருந்தது என்பது பலரும் ஏற்கும் மதிப்பீடு. ஒரு ஹெக்டேரில் ஒரு மீட்டர் உயரம் நீர் நின்றால் அது ஒரு கோடி லிட்டர். 5,000 ஹெக்டேரில் நின்றால் 5,000 கோடி லிட்டர். செம்பரம்பாக்கம் ஏரியின் முழுக் கொள்ளளவான 3,645 மில்லியன் கனஅடியில் ஏறக்குறைய பாதி. மதகு, கரை, காவலாளி, மின்சாரம் எதுவுமில்லாமல் பாதிச் செம்பரம்பாக்கத்தை இறக்கிவைக்க இடம் இருந்தது. 2022இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தபோது அந்த எல்லைக்குள் அடங்கியது 1,247 ஹெக்டேர். கால்பங்குதான்.

*

இந்த ஏரிச் சங்கிலி தானாக உருவானதல்ல. தாழ்ந்த நிலத்தைக் கண்டு, கரை போட்டு, மேல் ஏரியின் கலங்கலைக் கீழ் ஏரியின் வரத்துக்கால்வாயோடு இணைத்தது பல நூற்றாண்டு மனித உழைப்பு. நீர்நிலை அமைப்பதே அரசனின் புகழுக்கு வழி என்று பாண்டியன் நெடுஞ்செழியனுக்குக் குடபுலவியனார் அறிவுரை சொன்னது புறநானூற்றில் இருக்கிறது. தமிழ்த்துறையில் இதைப் பெருமையோடு பாடம் நடத்துகிறோம். நானும் நடத்துகிறேன். ஆனால் கரையை யார் கட்டினார்கள் என்ற கேள்வி தேர்வில் வருவதில்லை.

உத்திரமேரூர்க் கல்வெட்டில் 'ஏரி வாரியம்' இருக்கிறது. முதலாம் பராந்தகன் காலத்து, பொது ஆண்டு 921ஐச் சேர்ந்த அந்தக் கல்வெட்டு, வாரியத்துக்கு யார் பெயரைக் குடவோலையில் எழுதலாம் என்று வரையறுக்கிறது. வரி செலுத்தும் சொந்த நிலம், சொந்த மனையில் கட்டிய வீடு, 35க்கு மேல் 70க்குள் வயது, வேதக் கல்வி. ஏரியின் நிர்வாகம் நிலம் உடையவர்களிடமும் ஏரியின் சேறு நிலம் இல்லாதவர்களிடமும் இருந்தது என்பதைப் புரிந்துகொள்ள இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. செங்கல்பட்டுப் பகுதியில் மதகு திறந்து, பாய்ச்சல் முறை பார்த்து, மழையிரவில் கரைமேல் காவல் இருந்த நீர்க்கட்டிகள் பல ஊர்களிலும் தலித்துகள். 1858ஆம் ஆண்டில் காலனிய அரசு கொண்டுவந்த கட்டாய வேலைச் சட்டம், ஏரிக்கரை உடையும் ஆபத்து வந்தால் உழைக்கும் வகுப்பாரில் உடல்வலுவுள்ள ஆண்களை வேலைக்கு அழைக்கலாம் என்றது. சாதியின் வழக்கம் அங்கே சட்டத்தின் பிரிவாகவும் ஆனது.

பெண்கள் இந்த வரலாற்றில் எங்கே வருகிறார்கள்? கதைகளில் வருகிறார்கள். உடைந்துகொண்டே இருந்த கரை ஒரு பெண்ணைப் பலி கொடுத்த பிறகே நின்றது என்ற கதை தென்னிந்தியாவெங்கும் உண்டு. கன்னடத்தில் 'கெரெகெ ஹார' என்ற கதைப்பாடல் நீர் ஊறுவதற்காக இளைய மருமகள் பாகீரதியைப் பலி கொடுத்ததைச் சொல்கிறது. நம் ஊர் ஏரிக்கரைகளிலும் கல்லாகவோ சூலமாகவோ நிற்கும் அம்மன்கள் சிலருக்கு இத்தகைய முன்கதை உண்டு. இவை நடந்தனவா என்று நான் கேட்கவில்லை. கரை தாங்கவேண்டிய சுமையை ஒரு பெண்ணுடல் தாங்கும் என்று நம்பிய சமூகம் எப்படிப்பட்டது என்றுதான் கேட்கிறேன். பலியாகிறவள் அநேகமாக மருமகளாகவோ கர்ப்பிணியாகவோ இருப்பாள். கதையில் அவளுக்குச் சம்மதமும் இருக்கும். பிறகு பொங்கலும் கிடைக்கும். வாரியத்தில் இடம் கிடைக்காது.

ஆகவே பழைய ஏரிக்காலத்தைப் பொற்காலமாக்க எனக்கு விருப்பமில்லை. அந்த அமைப்புக்கு நீரைப் பற்றிய அறிவு இருந்தது, மனிதரைப் பற்றிய நீதி இல்லை. பின்னால் வந்த நகரம் அந்த அறிவைத் தூக்கியெறிந்துவிட்டு அநீதியை மட்டும் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டது.

*

நுங்கம்பாக்கத்துக்கும் மயிலாப்பூருக்கும் நடுவே ஆங்கிலேயர் 'லாங் டேங்க்' என்று அழைத்த நீண்ட ஏரி ஒன்று இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வெள்ளைக்காரக் கனவான்கள் அதில் படகுப்போட்டி நடத்தினார்கள். 1920களில் நீதிக்கட்சி ஆட்சியின்போது அதன் மாம்பலம் பகுதியை வற்றவைத்துத் தியாகராய நகரை அமைத்தார்கள். பனகல் பூங்கா, உஸ்மான் சாலை, நடேசன் பூங்கா என்று தலைவர்களின் பெயர்கள் ஏரிக்குள் இறங்கின. 1970களில் நுங்கம்பாக்கம் பகுதியும் மேடாகி, 'லேக் ஏரியா' என்ற குடியிருப்பாகவும் வள்ளுவர் கோட்டமாகவும் ஆனது. நூலின் தொடக்கத்திலேயே 'வான்சிறப்பு' என்று மழைக்கு ஓர் அதிகாரம் ஒதுக்கிய புலவருக்கு ஏரியைத் தூர்த்துக் கோட்டம் கட்டினோம். அங்கே இன்றும் 'டேங்க் பண்ட் சாலை' இருக்கிறது. பண்ட் என்றால் ஏரிக்கரை. கரை சாலையாக இருக்கிறது, ஏரியைத்தான் காணோம்.

பிறகு அரசே ஏரிகளில் மனை போட்டது. முகப்பேர் 'ஏரித்திட்டம்' என்ற முகவரியை எழுதும்போது நமக்குக் கை கூசுவதில்லை. பள்ளிக்கரணையில் 1980களில் பெருங்குடிப் பக்கம் நகரின் குப்பையைக் கொட்டத் தொடங்கினார்கள். வீட்டில் எதற்கும் ஆகாத மூலையில்தானே குப்பைக்கூடை வைப்போம்! தொடர்ந்து ஆய்வு நிறுவனங்கள், ரயில் பாதை, தகவல் தொழில்நுட்பச் சாலை, அதன் இருபுறமும் கண்ணாடிக் கட்டடங்கள். தரிசு என்று எழுதிவைத்த இடத்தில் கட்டடம் எழுந்தால் அதற்குப் பெயர் வளர்ச்சி. ஆற்றோரத்தில் ஒரு குடிசை எழுந்தால் அதற்குப் பெயர் ஆக்கிரமிப்பு. அடையாற்றின் குறுக்கே பாலம் கட்டி அதன்மேல் விமான ஓடுபாதையை நீட்டியதற்கும் ஆக்கிரமிப்பு என்று பெயர் வைக்கப்படவில்லை.

2015 டிசம்பர் 1ஆம் தேதி காலை தொடங்கி மறுநாள் காலைக்குள் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பெய்தது. செம்பரம்பாக்கத்திலிருந்து நொடிக்கு 29,000 கனஅடி வரை நீர் திறந்துவிடப்பட்டது. அடையாறு தன் பழைய அகலத்தைத் தேடி மணப்பாக்கம், ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் என்று வீடுகளுக்குள் வந்தது. விமான நிலையம் நாள்கணக்கில் மூடப்பட்டது. அவ்வளவு மழைக்கு எந்த நகரமும் நனையாமல் தப்பியிருக்காது. சதுப்பும் ஏரிகளும் முழுமையாக இருந்திருந்தாலும் சில தெருக்களில் நீர் நின்றிருக்கும். ஆனால் எத்தனை அடி உயரம், எத்தனை நாள், எந்த வேகத்தில் என்பவை மாறியிருக்கும். உயிருக்கும் சாவுக்கும் நடுவே இருந்தவை இந்த மூன்றும்தான். 2018இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட இந்தியக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கையும் இதை மனிதர் உண்டாக்கிய பேரிடர் என்றே கண்டது.

*

நீர் வடிந்த பிறகு தொடங்கிய வேலையைப் பற்றி அறிக்கைகளில் அதிகம் இல்லை. முழங்கால் அளவு சேற்றை வீட்டிலிருந்து வாரிக் கொட்டியது யார்? ஊறிப்போன பாயையும் பாடப்புத்தகத்தையும் பிரித்துக் காயவைத்தது யார்? எரிவாயுவும் மின்சாரமும் இல்லாத நாள்களில் பத்துப் பேருக்குக் கஞ்சி வைத்தது யார்? மாதவிடாய்த் துணியை மாற்ற மறைவிடம் இல்லாமல் நிவாரண முகாமில் இருட்டும்வரை காத்திருந்தது யார்? தெருக்களில் மலையாகக் குவிந்த கழிவை அள்ள மற்ற மாவட்டங்களிலிருந்து துப்புரவுத் தொழிலாளர்கள் அழைத்துவரப்பட்டார்கள். அவர்களில் மிகப் பெரும்பான்மையினர் தலித்துகள். பலருக்குக் கையுறைகூட இல்லை. நிவாரணத் தொகை ரேஷன் அட்டைக்கு இவ்வளவு என்று வந்தது. வீட்டை மறுபடி வீடாக்கிய உழைப்புக்கு எந்த அட்டையும் இல்லை. கழுவெளி இறக்கிவைத்த சுமை இங்கேதான் வந்து ஏறியது.

அடுத்து நடந்தது இன்னும் விசித்திரம். வெள்ளத்திலிருந்து காப்பாற்றுவதாகச் சொல்லி அடையாறு, கூவம் கரைகளில் வாழ்ந்த ஆயிரக்கணக்கான குடும்பங்களை நகருக்கு வெளியே பெரும்பாக்கத்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கே எட்டு மாடிக் கட்டடங்களில் 20,000க்கும் மேற்பட்ட வீடுகள். 2000 தொடங்கிக் கட்டப்பட்ட கண்ணகி நகரில் ஏற்கெனவே 15,000க்கும் மேல். இரண்டும் இருப்பது பள்ளிக்கரணைச் சதுப்பை ஒட்டிய தாழ்நிலத்தில். ஆற்றின் வெள்ளவெளியிலிருந்து எடுத்துச் சதுப்பின் வெள்ளவெளியில் வைத்தார்கள். நீதி கேட்டு ஊரையே எரித்தவளின் பெயரை அதற்குச் சூட்டியது யாருடைய யோசனை என்று பலமுறை நினைத்ததுண்டு.

என் வகுப்பில் பெரும்பாக்கத்திலிருந்து வரும் மாணவி ஒருத்தி இருந்தாள். குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் பெண். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு கல்லூரி திறந்தும் ஒரு வாரம் அவள் வரவில்லை. வந்த நாளில் கேட்டேன். "எங்க வீடு ஆறாவது மாடி மேம், தண்ணி வரல. ஆனா மோட்டார் முழுகிடுச்சு, லிஃப்ட்டும் இல்ல. கீழேயிருந்து குடம் தூக்கினது நானும் அம்மாவும்தான். தம்பிக்கு எக்ஸாம் இருந்துச்சுல்ல" என்றாள். அவளுக்கும் அந்த மாதம் தேர்வு இருந்தது. சைதாப்பேட்டையில் இருந்தவரை அவள் அம்மா நடந்துபோகும் தூரத்தில் நான்கு வீடுகளில் வேலை செய்தார். இப்போது இரண்டு பேருந்து மாறி இரண்டு வீடுகளுக்குத்தான் போக முடிகிறது. முதல் பேருந்து தப்பினால் ஒரு வீட்டு வேலை அன்று போகும். வெள்ளத்தைத் தடுக்கும் திட்டத்தின் செலவுக் கணக்கில் அந்த இரண்டு வீடுகளின் சம்பளம் சேர்ந்திருக்குமா?

*

இந்தக் கணக்கைத் திருத்தி எழுதுவது முடியாத காரியமல்ல. மிச்சமிருக்கும் கழுவெளியை அதன் எல்லையோடு மட்டுமல்லாமல், நீர் வரும் வழியோடும் போகும் வழியோடும் சேர்த்துக் காக்க வேண்டும். ஒக்கியம் மடுவு அடைபட்டால் பள்ளிக்கரணையை வேலி போட்டுக் காத்தும் பயனில்லை. ஆறு எவ்வளவு தூரம் விரியும் என்பதை அளந்து, அந்த எல்லைக்குள் புதிதாக எதுவும் எழாமல் தடுக்க வேண்டும். அந்த அளவுகோல் குடிசைக்கும் கண்ணாடிக் கட்டடத்துக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். ஆற்றோரத்திலிருந்து மக்கள் பெயர்வது தவிர்க்க முடியாதென்றால், அவர்களின் வேலையும் பள்ளியும் இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில், மேட்டில் வீடு கொடுக்க வேண்டும். ஏரிகளைக் காக்க 2007இல் சட்டம் இயற்றிய மாநிலம் நம்முடையது. அந்தச் சட்டம் யாரை வெளியேற்றப் பயன்பட்டது, யாரைத் தொடவில்லை என்ற பட்டியலைக் கேட்டு வாங்க நமக்கு உரிமை உண்டு.

அறிவு எங்கே இருக்கிறது என்பதையும் மறுபடி பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்குப் போனவர்களில் 80 விழுக்காட்டுக்கு மேல் பெண்கள். அவர்கள் செய்ததில் பெரும்பங்கு ஏரி தூர்வாருவதும் கால்வாய் வெட்டுவதும் கரை உயர்த்துவதும். குடிமராமத்து என்று நாம் பெருமையாகப் பேசும் பழைய மரபு, இந்த நூற்றாண்டில் நடுத்தர வயதைத் தாண்டிய பெண்களின் மண்வெட்டியிலும் பாண்டுச்சட்டியிலும்தான் தொடர்ந்திருக்கிறது. அதற்குக் கிடைத்த பெயரோ 'ஏரியில் உட்கார்ந்து காசு வாங்குகிற வேலை'. மரத்தடியில் பத்து நிமிடம் அமர்ந்தவர்களைப் படம் எடுத்துப் பரப்பிச் சிரிக்கிறோம்.

செங்கல்பட்டுப் பக்கம் ஓர் ஏரியில் அப்படி வேலை செய்துகொண்டிருந்த பெண்களோடு ஒருநாள் பேசிக்கொண்டிருந்தேன். கலங்கல் எந்த மழைக்கு வழியும், வழிந்த நீர் யார் மனையில் இப்போது முட்டுகிறது, அந்த மனை முன்பு எந்தக் கால்வாய், அதை மேடாக்கிய மண் எங்கிருந்து வந்தது என்று ஒருவர் விட்ட இடத்திலிருந்து ஒருவர் சொன்னார்கள். ஓர் அம்மா குச்சியால் தரையில் கோடு கிழித்து, நீர் வரும் வழி முழுவதையும் காட்டினார். "இதையெல்லாம் ஊர்க்கூட்டத்தில் சொல்வீர்களா அக்கா?" என்று கேட்டேன். "கேட்டாத்தானே சொல்றதுக்கு" என்றார். மேற்பார்வையாளர் விசில் அடித்தார். கோட்டைக் காலால் அழித்துவிட்டு, சட்டியைத் தலைக்கு ஏற்றிக்கொண்டு கரைமேல் நடந்தார்.